2 மேட்ச் தோத்த டீம் சாம்பியன் ஆச்சு: ஒஹையோ ஸ்டேட்ட வெச்சு காலேஜ் ஃபுட்பால் சீசன புரிஞ்சுக்கலாம்

அமெரிக்காவுல ஞாயித்துக்கிழமைன்னா என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட ப்ரொஃபஷனல் லீக், சனிக்கிழமைன்னா காலேஜ் ஃபுட்பால். என்எஃப்எல் வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஈசியா புரிஞ்சிரும், 32 டீம், ப்ளேஆஃப், கடைசில சூப்பர் பவுல். காலேஜ் பக்கம் வந்தா அப்படியில்ல, மேல் டிவிஷன்ல மட்டும் 2024ல 134 டீம் இருந்துச்சு, ஒவ்வொரு டீமும் ரெகுலர் சீசன்ல 12 மேட்ச் தான் ஆடும், அதனால முக்கால்வாசி டீம் ஒண்ணோட ஒண்ணு மோதவே மோதாது, அப்போ யாரு பெஸ்ட்னு எப்படித்தான் முடிவு பண்றாங்க? ரூல் புக்க எடுத்து வெச்சு விளக்குறத விட ஒரு டீமோட ஒரு சீசன ஆரம்பத்துல இருந்து கூடவே போய் பாத்தா நல்லா புரியும்னு நினைக்கிறேன். நான் எடுத்துக்கிட்டது ஒஹையோ ஸ்டேட் பக்கைஸோட 2024 சீசன். காரணம் இருக்கு, இந்த ஒரே சீசன்ல ரெண்டும் இருக்கு, ஒரு மேட்ச் தோத்தா ஊரே எப்படி இடிஞ்சு போகும்ங்கறதும் தெரியும், அதே தோல்விய தாண்டி எப்படி கோப்பைய தூக்கலாம்ங்கறதும் தெரியும்.

முதல்ல ஆட்டத்த பத்தி வேகமா. 100 யார்டு கிரவுண்டு, ஒரு பக்கத்துக்கு 11 பேர், ஒவ்வொண்ணும் 15 நிமிஷம்னு 4 குவார்ட்டர். பந்து கையில இருக்குற டீமுக்கு 4 சான்ஸ், அதுக்கு பேரு டவுன், அந்த 4 டவுனுக்குள்ள 10 யார்டு முன்னேறணும், முன்னேறிட்டா மறுபடி புதுசா 4 டவுன், இல்லன்னா பந்து எதிர் டீமுக்கு போயிரும். எதிர் எல்லைக்குள்ள பந்த கொண்டு போயிட்டா டச்டவுன், 6 பாயிண்ட், அதுக்கப்புறம் உதைச்சு 1 எக்ஸ்ட்ரா பாயிண்ட் எடுப்பாங்க. அவ்வளவு தூரம் போக முடியலன்னா கம்பத்துக்கு நடுவுல உதைச்சு 3 பாயிண்ட் எடுக்கலாம், அது ஃபீல்டு கோல். பந்த கையில வாங்கி யாருக்கு எறியணும் யார்கிட்ட குடுத்து ஓட விடணும்னு நடத்துறவர் குவார்ட்டர்பேக். மிச்சத்த போகப் போக பாத்துக்கலாம், இது போதும்.

ஒஹையோ ஸ்டேட் கொலம்பஸ் நகரத்துல இருக்குற அரசு யுனிவர்சிட்டி. அவங்க ஸ்டேடியம் 1922ல திறந்தது, குதிரை லாட வடிவத்துல இருக்குறதால அத செல்லமா ‘ஷூ’ன்னு தான் கூப்பிடுவாங்க, 1 லட்சத்துக்கு மேல ஆளுங்க உக்காரலாம். பேண்டு வாத்தியக்காரங்க மைதானத்துல வரிசையா நடந்தே ஒஹையோங்கற பேர கோர்வையா எழுதுவாங்க, கடைசில பெரிய ஊதுகொம்பு வாசிக்கிற ஒருத்தர் தனியா நடந்து போய் அந்த ஐ எழுத்து மேல புள்ளியா நிப்பார், அந்த நேரத்துல ஸ்டேடியம் போடுற சத்தத்த ஒரு தடவை வீடியோல கேட்டு பாருங்க. பிளேயர்ஸ் ஹெல்மெட்ல பச்சை இலை போட்ட சின்ன சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், நல்லா ஆடினா ஒண்ணு ஒண்ணா குடுப்பாங்க, சீசன் ஆரம்பத்துல வெறும் வெள்ளி நிறமா இருக்குற ஹெல்மெட் நவம்பர்ல பாத்தா இலையால நிறைஞ்சு கிடக்கும், யார் எவ்வளவு உழைச்சிருக்காங்கன்னு ஹெல்மெட்ட பாத்தே சொல்லிரலாம்.

இப்போ டீம் எப்படி உருவாகுதுங்கறது முக்கியமான விஷயம், ஏன்னா இது காலேஜ், யாரும் 10 வருஷம் ஆட முடியாது. பொதுவா ஒரு பையன் 5 வருஷத்துக்குள்ள 4 சீசன் ஆடலாம், ஸ்கூல் முடிச்சு 3 வருஷம் ஆயிட்டா என்எஃப்எல் டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குற டிராஃப்டுக்கு போகலாம். அதனால வருஷா வருஷம் டீம்ல கால்வாசி காலியாகும், கோச்சுங்க ஸ்கூல் பசங்க வீட்டுக்கே போய் பேசி ஆள் சேர்ப்பாங்க. முன்னாடி இவ்வளவு தான். 2021ல இருந்து ரெண்டு விஷயம் சேந்து எல்லாத்தையும் மாத்திருச்சு, ஒண்ணு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியா ஒரு காலேஜ்ல இருந்து இன்னொரு காலேஜுக்கு மாறி உடனே ஆடலாம்னு ஆயிருச்சு, இன்னொண்ணு பிளேயர்ஸ் அவங்க பேரையும் முகத்தையும் வெச்சு விளம்பரம் மாதிரி வழில காசு வாங்கலாம்னு ஆயிருச்சு. ஒஹையோ ஸ்டேட் 2024 டீமுக்கு இந்த வகையில சுமார் 2 கோடி டாலர் போச்சுன்னு அவங்க அத்லெட்டிக் டைரக்டரே வெளிப்படையா சொன்னார். கன்சாஸ் ஸ்டேட்ல இருந்து குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் வந்தார், அலபாமால இருந்து டிஃபென்ஸ் ஆடுற கேலப் டவுன்ஸ், மிசிசிப்பில இருந்து பந்த எடுத்துக்கிட்டு ஓடுற ரன்னிங் பேக் க்வின்ஷான் ஜட்கின்ஸ். ஸ்கூல் முடிச்சு நேரா வந்த, பாஸ் பிடிக்கிற ஜெரமையா ஸ்மித் முதல் மேட்ச்ல இருந்தே பெரிய ஆளுங்கள ஓட்டத்துல விட்டுட்டு போனார்.

ஆனா என்னை கேட்டா அந்த டீமோட உயிர் வெளிய இருந்து வந்தவங்க கிட்ட இல்ல. ஜாக் சாயர், ஜேடி துயிமோலோவா, எமேக்கா எக்புகா, ட்ரவேயான் ஹெண்டர்சன், இவங்க எல்லாரும் 2021ல சேந்தவங்க, 2023 முடிஞ்சதுமே என்எஃப்எல் போயிருக்கலாம், போகாம இன்னும் ஒரு வருஷம் இருந்தாங்க. அவங்க இருந்ததுக்கு காரணம் மிச்சிகன். 2021, 2022, 2023 மூணு வருஷமும் மிச்சிகன் கிட்ட தோத்திருந்தாங்க.

சீசன் ஆகஸ்ட் 31 தொடங்குச்சு. முதல் 3 மேட்ச் தன் குரூப்புக்கு வெளிய இருக்குற சின்ன டீமுங்களோட, ஆக்ரன், வெஸ்டர்ன் மிச்சிகன், மார்ஷல், மூணையும் சேத்து 157 பாயிண்ட் அடிச்சு 20 தான் குடுத்தாங்க. இந்த மாதிரி மேட்ச் எதுக்குன்னு கேப்பீங்க, பெரிய காலேஜுக்கு சொந்த ஊர்ல நிறைஞ்ச ஸ்டேடியம் கிடைக்கும், சின்ன காலேஜுக்கு வந்து ஆடுனதுக்கு நல்ல தொகை கிடைக்கும், ரெண்டு பக்கமும் லாபம். அதுக்கப்புறம் தான் நிஜமான சீசன். காலேஜ் எல்லாம் கான்ஃபரன்ஸ்னு குரூப்பா பிரிஞ்சிருக்கும், ஒஹையோ ஸ்டேட் இருக்குறது பிக் டென், 2024ல ஓரிகன், வாஷிங்டன், யூசிஎல்ஏ, யூஎஸ்சி நாலும் வந்து சேந்ததுல 18 டீம் ஆச்சு, அதுல ஒரு டீம் 9 கான்ஃபரன்ஸ் மேட்ச் ஆடணும். கடைசில முதல் ரெண்டு இடத்துல இருக்குற டீம் கான்ஃபரன்ஸ் ஃபைனல் ஆடும்.

அக்டோபர் 12, ஓரிகன் ஊர்ல மேட்ச். அப்போ பத்திரிகைக்காரங்க ஓட்டு போடுற வரிசைல ஒஹையோ ஸ்டேட் நாட்டுல ரெண்டாவது இடம், ஓரிகன் மூணாவது. கடைசி வரைக்கும் மாத்தி மாத்தி போய் ஓரிகன் 32, ஒஹையோ ஸ்டேட் 31னு இருக்கு, 10 செகண்ட் பாக்கி, பந்து ஒஹையோ ஸ்டேட் கையில, இன்னும் கொஞ்சம் முன்னேறினா ஃபீல்டு கோல் உதைச்சு ஜெயிச்சிரலாம். அப்போ ஓரிகன் 11 பேர் நிக்க வேண்டிய இடத்துல 12 பேர நிறுத்துச்சு. கூடுதல் ஆள் இருந்ததால பாஸ் போக வழியில்ல, பந்து கீழ விழுந்துச்சு, பெனால்டி 5 யார்டு குடுத்தாங்க ஆனா ஓடிப்போன 4 செகண்ட் திரும்பி வரல. மிச்சம் 6 செகண்ட்ல வில் ஹோவர்ட் பந்த எடுத்துக்கிட்டு ஓடி சறுக்கி கீழ விழுந்தப்போ டைம் முடிஞ்சிருச்சு. அந்த 12 ஆள் விஷயம் தெரிஞ்சே பண்ணதுன்னு ஓரிகன் கோச் டேன் லானிங் பின்னாடி பேசினதுலயே புரிஞ்சிருச்சு, அடுத்த சில நாள்லயே காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற அமைப்பான என்சிஏஏ அந்த ஓட்டைய அடைச்சு கடிகாரத்த பின்னாடி நகத்தலாம்னு மாத்திருச்சு. இவ்வளவு மேட்ச்ல ஒரு செகண்டுக்கு என்ன மதிப்புன்னு இத விட யாரும் நல்லா காட்ட முடியாது.

இங்க ஒரு விஷயத்த புரிஞ்சுக்கணும். ஐபிஎல் மாதிரி ஜெயிச்சா 2 பாயிண்ட், ரன் ரேட்னு கணக்கு இங்க நாடு முழுக்க கிடையாது. 13 பேர் கமிட்டி ஒண்ணு இருக்கு, நவம்பர்ல இருந்து வாரா வாரம் உக்காந்து 25 டீம வரிசைப்படுத்தும், யார ஜெயிச்ச, யார்கிட்ட தோத்த, எங்க ஆடின, எவ்வளவு திணறின எல்லாத்தையும் பாக்கும். அதனால ஒரே ஒரு தோல்வின்னு சொல்லிட முடியாது, யார்கிட்ட தோத்தங்கறது தான் பேச்சு. நல்ல டீம் ஊர்ல போய் 1 பாயிண்ட்ல தோத்தது ஒஹையோ ஸ்டேட்டுக்கு பெரிய அடி இல்ல. நெப்ராஸ்கா கிட்ட சொந்த ஊர்ல 21-17னு இழுத்துப் பறிச்சு ஜெயிச்சப்போ தான் கொஞ்சம் கவலை வந்துச்சு, ஏன்னா ஓரிகன் மேட்ச்ல லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிமன்ஸ் முட்டி போயிருந்துச்சு, குவார்ட்டர்பேக்குக்கு பின்பக்க காவல் மாதிரி இருக்குற இடம் அது. ஆனா நவம்பர் 2 பென் ஸ்டேட் ஊர்ல 1 லட்சத்து 11 ஆயிரம் பேர் கத்திக்கிட்டு இருக்க, பென் ஸ்டேட் இவங்க கோல் கோட்டுக்கு 3 யார்டு வரைக்கும் வந்துருச்சு, 4 டவுன் ஆடியும் ஒஹையோ ஸ்டேட் உள்ள விடல. அப்புறம் பந்த வாங்கி மீதி இருந்த 5 நிமிஷத்தையும் ஓடி ஓடியே தீத்துட்டாங்க, பென் ஸ்டேட் கைக்கு பந்து திரும்ப போகவே இல்ல. 20-13. நவம்பர் 23 அது வரைக்கும் தோக்காம வந்த இண்டியானாவ 38-15னு அடிச்சாங்க, அதுல கேலப் டவுன்ஸ் எதிர் டீம் உதைச்ச பந்த பிடிச்சு 79 யார்டு ஓடினது தான் ஹைலைட்.

அடுத்தது நவம்பர் 30. மிச்சிகன்.

இந்த மேட்ச்ச புரிஞ்சுக்காம ஒஹையோ ஸ்டேட்ட புரிஞ்சுக்க முடியாது. 1897ல முதல் மோதல், இப்போ பொதுவா ரெகுலர் சீசனோட கடைசி சனிக்கிழமை நடக்கும், இத சும்மா ‘தி கேம்’னு தான் சொல்லுவாங்க. அந்த வாரம் கேம்பஸ் முழுக்க போர்டுல இருக்குற எம் எழுத்து எல்லாத்து மேலயும் சிவப்பு டேப்ல பெருக்கல் குறி போட்டுருவாங்க, பில்டிங் பேர்ல இருந்தா கூட விட மாட்டாங்க. மிச்சிகன ஜெயிச்சா ஒவ்வொரு பிளேயருக்கும் கையடக்கமா தங்க நிறத்துல ஒரு குட்டி பேண்ட் குடுப்பாங்க, 1934ல இருந்து இருக்குற பழக்கம், அந்த வருஷம் புதுசா வந்த கோச் மிச்சிகன்காரங்களும் நம்மள மாதிரி ஒவ்வொரு காலா தான் பேண்ட் போடுறாங்கன்னு சொன்னதுல இருந்து வந்தது. நேஷனல் சாம்பியன் ஆனாலும் அது தனி, இது தனி, கோப்பை வாங்குனதுக்காக இந்த பேண்ட குடுக்க மாட்டாங்க. சாயரும் துயிமோலோவாவும் எக்புகாவும் 3 வருஷம் ஆடியும் அது ஒண்ணு கூட கையில வாங்கல, இது அவங்களுக்கு கடைசி சான்ஸ்.

மிச்சிகன் அந்த வருஷம் 6 ஜெயிச்சு 5 தோத்து சாதாரண டீமா தான் வந்துச்சு, ஒஹையோ ஸ்டேட் 20 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிக்கும்னு தான் பேச்சு. கொலம்பஸ்ல மேட்ச், நல்ல குளிர். என்ன நடந்துச்சுன்னா, மிச்சிகனோட டிஃபென்ஸ் நடுவுல மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட்னு மலை மாதிரி ரெண்டு பேர், ஓரத்துல ஜெரமையா ஸ்மித்தும் எக்புகாவும் இருக்குறப்போ ஒஹையோ ஸ்டேட் திரும்ப திரும்ப அந்த நடுவுக்குள்ளயே பந்த ஓட்டுச்சு. நடுவுல நின்னு குவார்ட்டர்பேக்குக்கு பந்த குடுக்குற சென்டர் இடத்துல ஆடுற செத் மக்லாஃப்லினும் நவம்பர்ல காயமாகி வெளிய போயிருந்தார், அந்த நிலைமைல இப்படி பிடிவாதமா முட்டிக்கிட்டே இருந்தது எனக்கு இன்னைக்கும் ஏத்துக்க முடியல. ஹாஃப் டைம்ல 10-10. ரெண்டாவது பாதில ஒஹையோ ஸ்டேட் ஒரு பாயிண்ட் கூட எடுக்கல. ஹோவர்ட் எறிஞ்சதுல 2 பந்த எதிர் டீமே பிடிச்சிருச்சு, அதுக்கு பேரு இன்டர்செப்ஷன், கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் ரெண்டு ஃபீல்டு கோல தவற விட்டார். 45 செகண்ட் இருக்குறப்போ மிச்சிகன் 21 யார்டுல இருந்து உதைச்சு 13-10. முடிஞ்சுது. 4வது வருஷமா தோல்வி.

மேட்ச் முடிஞ்சதும் மிச்சிகன் பசங்க நடு மைதானத்துல அவங்க கொடிய நட்டாங்க, சாயர் ஓடிப்போய் அத பிடுங்கினார், பெரிய கைகலப்பு ஆயிருச்சு, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்க வேண்டியதா போச்சு, பின்னாடி பிக் டென் ரெண்டு காலேஜுக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு. கோச் ரையன் டேய தூக்குங்கன்னு ஊரே கத்துச்சு. ஜெயிச்சிருந்தா பிக் டென் ஃபைனல்ல ஓரிகன சந்திச்சிருப்பாங்க, தோத்ததால அந்த இடம் பென் ஸ்டேட்டுக்கு போச்சு.

இப்போ தான் 2024 ஏன் ஸ்பெஷல்னு சொல்லணும். 2014ல இருந்து 2023 வரைக்கும் ப்ளேஆஃபுக்கு 4 டீம் தான், அந்த 10 வருஷத்துல 2 தோல்வியோட ஒரு டீம் கூட உள்ள போனதில்ல. பழைய கணக்குல நவம்பர் 30 சாயங்காலமே இவங்க சீசன் முடிஞ்சிருக்கும், ஏதோ ஒரு பவுல் மேட்ச் ஆடிட்டு வீட்டுக்கு போயிருப்பாங்க. பவுல்னா சீசன் முடிஞ்சப்புறம் நடக்குற தனி மேட்ச், 6 ஜெயிச்சிருந்தாலே பொதுவா ஒண்ணு கிடைச்சிரும். 2024ல தான் முதல் தடவையா 12 டீம் ப்ளேஆஃப். கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள்ல முதல் 5 பேருக்கு கட்டாயம் இடம், மிச்சம் 7 இடம் கமிட்டி வரிசைப்படி, டாப் 4 சாம்பியனுக்கு முதல் ரவுண்டு லீவு. கமிட்டி ஒஹையோ ஸ்டேட்ட 6வது இடத்துல வெச்சுச்சு ஆனா பாய்ஸி ஸ்டேட்டும் அரிசோனா ஸ்டேட்டும் சாம்பியன்ங்கறதால மேல போய், இவங்க ப்ளேஆஃப் வரிசைல 8வது இடத்துக்கு, அதாவது 8வது சீடா இறங்கினாங்க. இந்த விதி சரியில்லன்னு நிறைய பேர் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஏன்னா 13-0னு தோக்காம வந்த முதல் சீடு ஓரிகனுக்கு பரிசா கிடைச்சது ரெண்டாவது ரவுண்டுலயே ஒஹையோ ஸ்டேட். அடுத்த வருஷமே அத மாத்தி வரிசைப்படியே சீடு குடுக்க ஆரம்பிச்சாங்க.

3 வாரம் இடைவெளி கிடைச்சுது, அதுல என்ன மாத்தினாங்கன்னு டிசம்பர் 21 முதல் குவார்ட்டர்லயே தெரிஞ்சுது. டென்னசி கூட கொலம்பஸ்ல உறையுற குளிர்ல மேட்ச், டென்னசி ஆளுங்க டிக்கெட் வாங்கி குவிஞ்சதுல ஸ்டேடியத்துல ஆரஞ்சு கலர் அள்ளுச்சு, சொந்த ஊர்க்காரங்களுக்கே டீம் மேல அவ்வளவு கோவம். முதல் குவார்ட்டர் முடியும்போது 21-0. நடுவுக்குள்ள முட்டுறத விட்டுட்டு பந்த ஸ்மித்துக்கு எறிஞ்சாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். 42-17. ரெண்டாவது ரவுண்டு புது வருஷத்தன்னைக்கு, ரோஸ் பவுல்ங்கற மேட்ச்ல ஓரிகன், அக்டோபர்ல 1 பாயிண்ட்ல தோத்த அதே டீம், ரெண்டாவது குவார்ட்டர்ல 34-0. ஸ்மித் மட்டும் 187 யார்டு, டிஃபென்ஸ் எதிர் குவார்ட்டர்பேக்க 8 தடவை கீழ தள்ளுச்சு, 41-21.

செமி ஃபைனல் ஜனவரி 10, டெக்சஸ் கூட, டெக்சஸ் மாநிலத்துலயே. 21-14 ஒஹையோ ஸ்டேட் லீடு, 4 நிமிஷத்துக்கும் கம்மியா இருக்கு, டெக்சஸ் கோல் கோட்டுக்கு 1 யார்டுல நிக்குது, 4 டவுன். முதல் டவுன் நேரா முட்டினாங்க, ஒண்ணும் நகரல. ரெண்டாவது டவுன்ல பந்த ஓரமா வீசி சுத்திக்கிட்டு போகப் பாத்தாங்க, டிஃபென்ஸ் பாஞ்சு வந்து 7 யார்டு பின்னாடி தள்ளுச்சு. மூணாவது பாஸ் கைக்கு சேரல. நாலாவது டவுன், 8 யார்டு, குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் எறிய கை ஓங்குறார், இடது பக்கமோ வலது பக்கமோ பாக்க நேரமில்ல, ஜாக் சாயர் வந்து கையோட சேத்து அடிச்சார், பந்து துள்ளி சாயர் கையிலயே வந்து விழுந்துச்சு, அங்க இருந்து 83 யார்டு ஓட்டம், டச்டவுன். அந்த யூவர்ஸ் 2021ல ஒஹையோ ஸ்டேட்ல இருந்தப்போ சாயரோட ரூம்மேட். மிச்சிகன் கொடிய பிடுங்கின அதே ஆள், கொலம்பஸ் பக்கத்து ஊர் பையன், ஒரே ஓட்டத்துல டீம ஃபைனலுக்கு கொண்டு போனார். 28-14.

ஜனவரி 20, அட்லாண்டா, நோட்டர் டேம். அவங்க கோச் மார்கஸ் ஃப்ரீமன் ஒரு காலத்துல ஒஹையோ ஸ்டேட்டுக்காக ஆடினவர். நோட்டர் டேம் முதல் தடவை பந்த வாங்கி 18 ப்ளே, கிட்டத்தட்ட 10 நிமிஷம் எடுத்து மெதுவா மென்னு டச்டவுன் போட்டாங்க. அதுக்கப்புறம் ஒஹையோ ஸ்டேட் தொடர்ந்து 31 பாயிண்ட். ஹோவர்ட் எறிஞ்ச முதல் 13 பாஸும் கைக்கு போய் சேந்துச்சு. 31-7ல முடிஞ்சுதுன்னு நினைக்கிறப்போ நோட்டர் டேம் விடாம வந்து 31-23 ஆக்கிருச்சு, 3 நிமிஷம் கூட இல்ல, ஒஹையோ ஸ்டேட்டுக்கு மூணாவது டவுன், இன்னும் 11 யார்டு போகணும். இங்க எல்லாரும் பயந்து பந்த ஓட்டி டைம கரைப்பாங்க, இவங்க தைரியமா ஸ்மித்துக்கு நீளமா எறிஞ்சாங்க, 56 யார்டு. நவம்பர்ல எறியாம விட்டத ஜனவரில எறிஞ்சாங்க. 26 செகண்ட் இருக்குறப்போ ஃபீல்டு கோல் உதைச்சு 34-23ன்னு முடிச்சு வெச்சது யாருன்னா, மிச்சிகன் கிட்ட ரெண்டு தவற விட்ட அதே ஜேடன் ஃபீல்டிங்.

மொத்தம் 16 மேட்ச், 14 ஜெயிச்சு 2 தோல்வி. 2014ல முதல் 4 டீம் ப்ளேஆஃப ஜெயிச்சதும் ஒஹையோ ஸ்டேட், 2024ல முதல் 12 டீம் ப்ளேஆஃப ஜெயிச்சதும் அவங்களே. மிச்சிகன் தோல்வி இதால அழிஞ்சிருச்சான்னு கேட்டா இல்லன்னு தான் சொல்லுவேன், சாயர் செட்டு தங்க பேண்ட் இல்லாமலே காலேஜ முடிச்சாங்க, கொலம்பஸ்ல அது ஒரு தனி வலி, கோப்பை பக்கத்துல அதுவும் இருக்கும்.

டீம் உடனே கலைஞ்சிருச்சு, காலேஜ் ஃபுட்பால்ல அப்படித்தான். ஏப்ரல் டிராஃப்ட்ல 14 பேர என்எஃப்எல் டீமுங்க எடுத்துக்கிச்சு, அதுல 4 பேர் முதல் ரவுண்டு. டிஃபென்ஸ நடத்தின ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கு போனார், அஃபென்ஸ நடத்தின சிப் கெல்லி என்எஃப்எல் பக்கம் போனார். ரையன் டே இருந்தார், ஸ்மித் இருந்தார், டவுன்ஸ் இருந்தார், குவார்ட்டர்பேக் புதுசு. 2025 ஆகஸ்ட் 30 முதல் மேட்ச், கொலம்பஸ்ல, எதிர்ல திரும்பவும் டெக்சஸ், 14-7ன்னு ஜெயிச்சாங்க.